மவுஸைத் தொடாதவர்கள்

மவுஸைத் தொடாதவர் என்று ஓர் இனம் உண்டு. கணினி இருக்கும் எந்த அலுவலகத்திலும் குறைந்தது ஒருவராவது இருப்பார். தேடிப் போக வேண்டியதில்லை. நீங்கள் மவுஸின் மேல் கை வைத்தால் போதும், அவரே வந்து உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வார்.

வாயைத் திறக்க மாட்டார். மூச்சு மட்டும் விடுவார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கூட யார் வந்திருக்கீங்க?" என்று கேட்பதற்கு முன்னால் டாக்டர் விடுவாரே, அந்த மூச்சு. நீங்கள் அம்பை மெனு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், மெனு திறந்து, அதில் 'சேமி' எங்கே இருக்கிறது என்று மேலிருந்து கீழாகத் தேடி, கண்டுபிடித்து, அம்பு நழுவி, மெனு மூடிக்கொண்டு, மறுபடி திறந்து, ஒருவழியாகச் சொடுக்கி முடிப்பதற்குள் மூன்று மூச்சு ஆகியிருக்கும். நான்காவதில் வார்த்தை வரும்.

"கண்ட்ரோல் எஸ்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் அன்று முழுக்க யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போலவே வேலை செய்வீர்கள்.

அவருடைய மேசையைப் பார்த்திருக்கிறீர்களா? மவுஸ் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கும். கீபோர்டில் எழுத்துகள் இருக்காது. தேய்ந்து போனதால் அல்ல, எழுத்தே அச்சடிக்காத கீபோர்டைத் தேடிப்பிடித்து, இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கியிருப்பார். ஒருமுறை எங்கள் முதலாளி அதில் தன் பாஸ்வேர்டை அடிக்க வேண்டி வந்தது. அந்த மொட்டைக் கறுப்புப் பலகையைச் சிறிது நேரம் பார்த்தார். ஒரு விரலை நீட்டினார், மடக்கினார். கடைசியில் பாஸ்வேர்டை வாய்விட்டே சொல்லிவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் அலுவலகம் முழுக்க அது தெரியும்.

அவரிடம் ஒரு கணக்கு இருக்கும். ஒரு தடவை மவுஸுக்குக் கை போய் வர மூன்று விநாடி. ஒரு நாளைக்கு நாற்பது தடவை. வருஷத்துக்கு இருநூற்றைம்பது வேலை நாள். ஆக எட்டு மணி இருபது நிமிடம், அதாவது முழுதாக ஒரு நாள் அவருக்கு மிச்சம். அந்த ஒரு நாளை என்ன செய்கிறார் என்று கேட்கிறீர்களா? இந்தக் கணக்கை அடுத்தவருக்கு விளக்குகிறார்.

வீட்டிலாவது சும்மா இருப்பாரா என்றால், இருக்க மாட்டார். நான் சொல்லப்போகிற மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களையெல்லாம் இறக்கி, எது ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுக்கப்படுகிறது என்று கணக்குப் போட்டு, அந்த வரிசையில் திருப்பி அடுக்கினார். பிறகு நான்கு நாள் அந்த வீட்டில் எந்தப் பண்டமும் எதிர்பார்த்த சுவையில் இல்லை. அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, அலுவலகத்துக்கு வந்தபோது இதைச் சொன்னார்: "என் கை போற இடத்துல டப்பா இருந்துச்சு. இப்ப டப்பா இருக்கற இடத்துக்கு என் கையைப் பழக்கணுமாம்." அண்ணன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கண்ட்ரோல் அண்ணன் என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர். எங்களுடையது சின்ன நிறுவனம், ஒன்பது பேர். மருத்துவமனைகளுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்கும் பதிவு மேசையில் ஓடுகிற நிரல்களை எழுதிக் கொடுக்கிறோம். திரையில் ஒரு சன்னல் திறக்கும், அதில் பெயர் எழுதப் பெட்டிகள் இருக்கும், கீழே பட்டியல் இருக்கும். அதன் பின்னால் இருக்கிற வரிகள்தான் எங்கள் பிழைப்பு. அண்ணன் மூத்தவர். நான் சேர்ந்து எட்டு மாதம்.

இந்தச் சன்னல்களில் ஒரு விசையை ஒரு வேலையோடு கட்டிவைப்பதற்கு பைண்டிங் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், ஒரே ஒரு வரிதான். இந்த விசையை அழுத்தினால் இந்த வேலையைச் செய் என்று எழுதுவோம். ஆனால் அந்த வரிக்குள் மூன்றாவதாக ஒன்று ஒளிந்திருக்கிறது. அழுத்தியதை யார் கேட்க வேண்டும்? பட்டியலோடு கட்டினால், பட்டியலில் நிற்கும்போது மட்டும் அது கேட்கும். சன்னல் முழுவதோடும் கட்டினால், உள்ளே எந்த மூலையில் எந்தப் பெட்டியில் அழுத்தினாலும் சன்னலுக்குக் கேட்டுவிடும். வேடிக்கை என்னவென்றால், ஒருவர் காதில் விழுந்துவிட்டது என்பதற்காக இன்னொருவர் சும்மா இருப்பதில்லை. பெட்டியும் தன் வேலையைச் செய்யும், சன்னலும் தன் வேலையைச் செய்யும். தண்ணீர் வேண்டும் என்று பொதுவாகச் சொன்னால் மருமகள் ஒரு சொம்பும் மகள் ஒரு சொம்பும் கொண்டுவந்து நீட்டும் வீடு மாதிரி.

மவுஸைத் தொடாதவருக்கு எந்த விசை, எந்த வேலை என்பதெல்லாம் மனப்பாடம். யார் கேட்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குக் கேள்வியாகவே தோன்றாது. எல்லாரும்தான் கேட்க வேண்டும். அவர் பேசும்போதும் அப்படித்தானே?

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காகச் செய்த நிரலில், தவறாகப் பதிவான வரியைப் பட்டியலிலிருந்து நீக்க ஒரு ஷார்ட்கட் தேவைப்பட்டது. அண்ணன் கண்ட்ரோல் எக்ஸ் என்றார். எக்ஸ் என்றால் குறுக்கே இரண்டு கோடு, வெட்டு, மனதில் நிற்கும் என்பது அவர் வாதம். நிச்சயமாக நீக்கவா என்று கேட்கிற பெட்டியும் வேண்டாம் என்றார். "ஒரு தடவை சொன்னா கேட்கணும். திருப்பித் திருப்பி கேட்டா அது சாப்ட்வேரா, மாமியாரா?"

எழுத்தை வெட்டி எடுக்க உலகமே அதே கண்ட்ரோல் எக்ஸைத்தானே அழுத்துகிறது, இது அதோடு மோதாதா என்று நான் கேட்டேன். இப்படித்தான் எனக்கு நினைவு இருந்தது. இதை எழுத உட்கார்ந்த பிறகு யோசித்துப் பார்த்தால், கேட்கவில்லை. கேட்கலாமா என்று நினைத்தேன். பட்டியலோடு கட்டவா, சன்னலோடு கட்டவா என்று மட்டும் கேட்டேன். "சன்னல்லயே கட்டுடா, எங்க நின்னாலும் வேலை செய்யணும்" என்றார். கட்டினேன்.

ஏன் கேட்கவில்லை? எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரிக் கணினி அறையில் முதல் நாள், ஒரு பத்தியை நகல் எடுக்க நான் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி மெனுவைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்து இருக்கையில் ஒருவன் சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் சிரித்தது. அந்த வாரமே அறுபது ஷார்ட்கட்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நான் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தேனா என்று கேட்காதீர்கள்.

நிரலைச் சோதித்தோம். எப்படிச் சோதித்தோம் என்றால், நோயாளி பெயர் 'அஅஅ', அடுத்த நோயாளி 'அஅஅஅ', மருத்துவர் பெயர் 'ககக'. பட்டியலில் நின்று கண்ட்ரோல் எக்ஸ் அழுத்தினோம். வரி போனது. எங்கள் தொழிலில் இதற்குச் சோதனை முடிந்தது என்று பெயர். 'அஅஅ' என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு எழுத்துப்பிழை வருமா? அவரைத் திருத்த வேண்டிய அவசியம்தான் வருமா?

பிறகு பயிற்சி. அந்தப் பரிசோதனைக் கூடத்தின் பதிவு மேசையில் இரண்டு ஷிப்டுக்கு இரண்டு பேர். மதிய ஷிப்டில் இருந்தவர் மவுஸைச் சூடான டம்ளரைப் பிடிப்பது போலப் பிடிப்பார். அண்ணன் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அவர் போனதும் மறுபடி மவுஸைப் பிடித்துக்கொண்டார். காலை ஷிப்டில் இருந்த அக்கா அப்படி இல்லை. நான்கு வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறார், ஒவ்வொரு வருஷமும் கடிதம் வந்தால்தான் அடுத்த வருஷம். புதிதாக எதைச் சொன்னாலும் தாளில் எழுதிக்கொள்வார். அண்ணன் சொன்ன ஒவ்வொரு ஷார்ட்கட்டையும் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினார். ஒரு பெட்டியில் அடித்ததை இன்னொரு பெட்டிக்கு மாற்ற வேண்டுமா, கண்ட்ரோல் எக்ஸ், பிறகு கண்ட்ரோல் வி. அண்ணனுக்கு அவரைப் போல ஒரு மாணவி கிடைத்ததில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த அக்கா புகழ்தான்.

ஆறு வாரம் கழித்து அங்கிருந்து நிர்வாக அதிகாரி பேசினார். ரத்தம் எடுத்த குழாய் இருக்கிறது, பட்டியலில் ஆள் இல்லை. ஒருவர் இருவர் இல்லை, நாற்பத்தொரு பேர். முடிவு கேட்டு வந்தவர்களுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று, சிலர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் உடனே பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார். நாற்பத்தொரு வரிகளும் நீக்கப்பட்டிருந்தன. எல்லாமே காலை ஷிப்டில், எல்லாமே அக்காவின் பெயரில். மதிய ஷிப்டில் ஒன்றுகூட இல்லை.

"நிரல் பொய் சொல்லாது சார்" என்றார் அண்ணன். அன்று எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். நான் எதையும் அழிக்கவில்லை என்று ஒரே பேச்சாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது, இந்த முறை புதுப்பிப்பதாக இல்லை என்று அதிகாரி எங்களிடமே சொல்லிவிட்டார். எதற்கும் ஒருமுறை நேரில் வந்து பார்த்துச் சொல்லிவிடுங்கள் என்றார். எனக்கு அது, ஏற்கெனவே எழுதிவிட்ட கடிதத்துக்குச் சாட்சிக் கையெழுத்து கேட்பது போல இருந்தது.

புதன்கிழமை காலை போனோம். மேசைக்கு முன்னால் பதினைந்து பேர் நின்றார்கள். அக்கா நடுவில், அவருக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் நான், பின்னால் ஃபைலை மார்போடு அணைத்தபடி அதிகாரி. மூன்று பேர் சுற்றி நின்று பார்த்தால் எவருக்கும் விரல் தவறும். இருந்தும் ஆறு பேரைச் சரியாகப் பதிந்தார். பட்டியலில் ஆறு வரிகள், கடைசி வரி நீலத்தில், தேர்ந்தெடுத்தபடி. ஏழாவதாக ஒரு பெண் சீட்டை நீட்டினார். சீட்டின் மேலே மருத்துவரின் பெயர்தான் பெரிதாக அச்சடித்திருந்தது. அக்கா அதையே நோயாளியின் பெட்டியில் அடித்துவிட்டார்.

அடித்ததும் அவருக்கே தெரிந்தது. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார், கண்ட்ரோல் எக்ஸ் போட்டார், மருத்துவர் பெட்டிக்குப் போனார், கண்ட்ரோல் வி. நடனம் போல இருந்தது. அண்ணன் பெருமை தாங்காமல் அதிகாரி பக்கம் திரும்பி, பாத்தீங்களா சார், மவுஸ் பக்கமே கை போகலை, எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது என்றார். இருவரும் அக்காவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலில் ஐந்து வரிகள் இருந்தன.

பெட்டி தன் எழுத்தை வெட்டிக் கொடுத்துவிட்டது. சன்னலும் அதே விசையைக் கேட்டு, அதற்குமுன் பதிவான ஆளை வெட்டிவிட்டது. எந்தச் சத்தமும் இல்லை, எந்தக் கேள்வியும் இல்லை. மதிய ஷிப்டுக்காரர் அண்ணன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அதனால் அவர் பதிந்த நோயாளிகள் பத்திரமாக இருந்தார்கள். அக்கா சொன்னபடி கேட்டார்.

உடனே வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். எட்டாவது ஆள் பதிவாகும் வரை திறக்கவில்லை. அந்த பைண்டிங் வரியை எழுதிய கை என் கை, அதன் பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்து இருக்கிறது. இன்னும் நான்கு மாதத்தில் என்னை நிரந்தரமாக்குவார்களா என்று தெரியாது. அம்மா தெருவில் எல்லாரிடமும் மகன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான் என்று சொல்லி முடித்துவிட்டார். இதையெல்லாம் ஓர் ஆள் பதிவாகும் நேரத்துக்குள் நினைக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. அக்கா எட்டாவது ஆளை முடித்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார், தேர்வுத்தாளைக் கொடுத்துவிட்டுப் பார்ப்பது போல.

"அண்ணே, பட்டியலைப் பாருங்க. ஆறாவது ஆளைக் காணோம்."

"மேல போயிருக்கும்."

"இல்லண்ணே. எக்ஸ் அழுத்தினாங்க. பெட்டியும் கேட்டுச்சு, சன்னலும் கேட்டுச்சு."

அண்ணன் முட்டாள் இல்லை. இந்த இனத்தில் முட்டாள்கள் குறைவு, அதுதான் தொந்தரவு. ஒரு நொடியில் அவருக்குப் புரிந்தது அவர் காதுமடல் சிவந்ததில் தெரிந்தது. தன் மடிக்கணினியைத் திறந்து, அந்தக் கட்டைச் சன்னலிலிருந்து அவிழ்த்து, பட்டியலோடு மட்டும் கட்டினார். நிச்சயமாக நீக்கவா என்று கேட்கும் பெட்டியையும் சேர்த்தார். மொத்தம் இரண்டு நிமிடம், மவுஸைத் தொடவில்லை. அக்காவின் கணினியில் புது நிரலை ஏற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"சரியாயிடுச்சு சார். சின்ன பைண்டிங் விஷயம்."

அதிகாரி ஃபைலை இன்னும் இறக்கவில்லை. "அப்ப அந்த நாற்பத்தொரு பேரை யார் அழிச்சது?"

அதற்கு ஷார்ட்கட் கிடையாது.

"சிஸ்டம் சார்" என்றார் அண்ணன்.

அக்கா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "சிஸ்டத்துக்கு வெள்ளிக்கிழமையோட ஒப்பந்தம் முடியல தம்பி. எனக்கு முடியுது."

வரிசையில் நின்ற ஒன்பதாவது ஆள்கூட அண்ணனைப் பார்த்தார். அந்த வரியை எழுதினது நான் சார் என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அதிகாரி என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது சின்னவன் ஒப்புக்கொண்டால் யாரும் அதை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை.

"எழுதச் சொன்னது நான்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு, இந்த முறை கொஞ்சம் சத்தமாக: "இந்த அக்கா எதையும் அழிக்கலை சார். நான் சொல்லிக் குடுத்ததை ஒழுங்கா பண்ணாங்க. தப்பு அதுலதான் இருக்கு."

வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள் என்றார் அதிகாரி. அங்கேயே ஒரு தாளும் பேனாவும் வந்தன. பத்து விரலாலும் எழுதிப் பழகிய மனிதர் மூன்று விரலால் எழுதுவதை அன்று பார்த்தேன். அரைப் பக்கத்துக்கு மூன்று இடத்தில் அடித்துத் திருத்தினார். 'எங்கள் நிரலின் பிழை' என்ற இடத்தில் முதலில் 'எதிர்பாராத' என்று தொடங்கி, அதை அடித்துவிட்டார். பேனாவில் போட்டது போட்டதுதான், பின்வாங்க விசை கிடையாது. கையெழுத்துப் போட்டார், கீழே நானும் போட்டேன். வெள்ளிக்கிழமை அக்காவுக்கு அடுத்த வருஷத்துக்கான கடிதம் கைக்கு வந்தது.

அண்ணன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அன்று திரும்பும் வழியில் பத்து நிமிடம் வாயைத் திறக்கவில்லை. பதினோராவது நிமிடத்தில், அந்த அரைப் பக்கத்தை டைப் அடித்திருந்தால் நான்கு நிமிடம் மிச்சமாகியிருக்கும் என்றார்.

இரண்டு வாரம் கழித்து நான் மட்டும் அங்கே போனேன். அக்கா மவுஸைப் பிடித்து, மெனுவைத் திறந்து, ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த தாளைக் காணோம். இப்போது எக்ஸ் சரியாக இருக்கிறது, தைரியமாக அழுத்தலாம் என்றேன். "தெரியும் தம்பி" என்றார். "இது ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான் பண்ணுது. எனக்கு அது போதும்."

இதோடு முடித்திருந்தால் நான் நல்லவனாகத் தப்பித்திருப்பேன். போன ஞாயிறு அம்மா பெரியம்மாவிடம் பேசுவதற்காகப் போனில் பெயர்ப் பட்டியலை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். நூற்றெழுபது பெயர்கள். முதல் எழுத்தை அடித்தால் வந்துவிடும். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியும் முன் போன் என் கையில் இருந்தது, பெரியம்மாவுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. அம்மா போனை வாங்கி, அழைப்பைத் துண்டித்துவிட்டு, மறுபடி பட்டியலின் தலையிலிருந்து தொடங்கினார். "ஒவ்வொரு பேராப் பாத்துக்கிட்டே போனாதான்டா, யாருகிட்ட பேசி ரொம்ப நாளாச்சுன்னு தெரியும்" என்றார். அன்று பெரியம்மாவுக்கு முன்னால் மூன்று பேரிடம் பேசினார்.

நீங்கள் மவுஸைத் தாராளமாகப் பிடிக்கிறவர், கண்ட்ரோல் விசை எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாதவர், அதனால் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். இருங்கள். ஒரே ஒரு சந்தேகம் எனக்கு. பைண்டிங் என்ற சொல் வந்த இடத்தில் இரண்டு பத்தியைத் தாண்டிக் குதித்து, பிறகு அந்த அக்காவுக்கு வேலை போயிற்றா இருந்ததா என்று மட்டும் தெரிந்துகொள்ள நேராக இந்தக் கடைசிப் பத்திக்கு வந்து நிற்பவர் நீங்கள் இல்லையே? அப்படியானால் பதில் இங்கே கிடையாது. மேலே போய், எல்லாரையும் போல வரிசையில் நின்று வாருங்கள்.